பாதித் தட்டு

எங்கள் வீட்டு முன்னறையில் எப்போது பார்த்தாலும் யாராவது ஒருவர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பா பல் டாக்டர். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வாசலில் ஆள் உயரத்துக்குப் பல் வரிசை ஒன்று சிரிக்கிற பலகை மாட்டிய வீடு எங்களுடையது. குதிரை வண்டிக்காரரிடம் "சீனாக்காரர் வூடு" என்று சொன்னால் போதும், கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்.

அப்பா சீன தேசத்தில் ஹூபே என்கிற பக்கத்தில் பிறந்தவர். பல் பிடுங்கும் வித்தையையும் ஒரு தோல் பையையும் எடுத்துக்கொண்டு பர்மாவுக்கு வந்தார். ரங்கூனில் தன் ஊர்ப்பக்கத்துப் பெண்ணான அம்மாவைக் கட்டினார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அங்கிருந்து கிளம்பி, ஊர் ஊராகச் சுற்றிக் கடலூரில் வந்து நின்றார். ஏன் கடலூர் என்று கேட்டால், "இங்க மீனு நல்லா இருந்துச்சு" என்பார். நான் பிறந்தது இங்கேதான். என்னைத் தெருவில் "சீனாக்காரி" என்று கூப்பிட்டவர்களுக்கு அசல் கடலூர்த் தமிழில் பதில் கொடுத்து வளர்ந்தேன். அந்தப் பதில்களை அச்சில் போட முடியாது.

அப்பா தமிழைச் சந்தையில் கற்றுக்கொண்டவர். மரியாதை விகுதியெல்லாம் அவருக்கு அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. தாசில்தார் வந்தாலும் "வா, ஒக்காரு, வாயத் தொற"தான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பல்வலியோடு வந்தவருக்கு வலி போனால் சரி.

அறுபத்திரண்டில் சீனச் சண்டை வந்தது. கொஞ்ச நாள் முன்னறை காலியாகக் கிடந்தது. அப்புறம் பல்வலி வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள், பிறகு துண்டில்லாமலே வந்தார்கள். ஆனால் அப்பா வாராவாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அனுமதியில்லாமல் ஊரைத் தாண்டக் கூடாது என்று ஆகிவிட்டது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஸ்டேஷனுக்குப் போகிற நாளில் மட்டும் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போடச் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருந்த சித்தப்பா எங்களை அங்கே கூப்பிட ஆரம்பித்தார். கூடவே எனக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். ஓட்டல்காரர் மகனாம். பெரிய காரின் மேல் சாய்ந்து நிற்கிற போட்டோ வந்தது. கார் அவனுடையதா, தெருவில் நின்றதா, தெரியாது. அம்மா அந்தப் போட்டோவை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் திருப்பி வைத்தேன். அவள் நிமிர்த்தி வைத்தாள். இப்படியே பல மாதம் ஓடியது.

நான் ஏன் திருப்பி வைத்தேன் என்றால், இவர் அதற்கு முன்பே கன்னத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். அப்போது ரயிலடியில் புக்கிங் கிளார்க். சொந்த ஊர் சிதம்பரம். எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே சீனாவில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார், ஞாயிறு பூசைக்கு நாங்கள் தவற மாட்டோம். வைத்திய அறையில் நான் அப்பாவுக்குக் கையாள். பஞ்சு எடுத்துக் கொடுப்பதும் துப்பக் கிண்ணம் நீட்டுவதும் என் வேலை. முதன்முதலாகப் பார்த்த பெண் நீட்டிய கிண்ணத்தில் ரத்தம் துப்பியவர் இவர். துப்பிவிட்டு, கோணிய வாயோடு "தேங்க்ஸுங்க" என்றார். கிண்ணம் நீட்டியதற்கு அந்த அறையில் அதுவரை யாரும் தேங்க்ஸ் சொன்னதில்லை. சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேறு பல் வலிக்கிறது என்று வந்தார். அப்பா கண்ணாடிக் காம்பால் ஒரு பல்லைத் தட்டினார்.

"நோவுதா?"

"நோவுதுங்க."

"இது?"

"அதுவும் லேசா."

"அந்தப் பக்கம்?"

"அங்கயும் இருக்குங்க."

அப்பா கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஒனக்குப் பல்லுல நோவு இல்ல. வேற எங்கயோ இருக்கு. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல, போ" என்றார். என் கையிலிருந்த கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது.

அதற்கப்புறம் பூசை முடிந்து கோயில் வாசலில் பார்ப்போம். நடுவில் பார்க்க வேண்டுமென்றால் நான் ரயிலடிக்குப் போய்ப் பண்ருட்டிக்கு ஒரு டிக்கெட் கேட்பேன். "பண்ருட்டிக்கு இன்னிக்கு எதுக்கு? நாளைக்கு வாங்க" என்பார். ஒரு நாளும் டிக்கெட் கொடுத்ததில்லை.

கடைசியில் ஒரு நாள் போட்டோவைத் திருப்பி வைக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் சொன்னேன். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வெகுநேரம் இடுக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவன் வூட்டு ஆளு வரட்டும். மொறையா வந்து கேக்கட்டும். கேட்டா நீ இங்க இரு, நாங்களும் இருக்கோம். வரலன்னா எல்லாரும் அமெரிக்கா" என்றார். இவ்வளவுதான் நிபந்தனை.

சிதம்பரத்தில் இவருடைய அம்மாதான் ஆட்சி. இவருடைய அப்பா பேசாத மனிதர், அவர் கதையில் இனி வரமாட்டார். தாய்மாமன் ஒருத்தர் உண்டு, அவர் பேசுவார். அவருக்குக் கல்யாணத்துக்குத் தயாராய் ஒரு மகள் இருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இவர் வீட்டில் என்ன மாயம் செய்தாரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் பஸ் ஏறித் தட்டுகளோடு வந்து எங்கள் முன்னறையில் இறங்கிவிட்டார்கள். வைத்திய நாற்காலியில் உட்கார யாருக்கும் தைரியமில்லை. அப்பா ரங்கூனில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்து நின்றார்.

நான் டீயும் முறுக்கும் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் வீட்டு டீயில் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. "இன்னாம்மா இது, கஷாயமா?" என்று இவருடைய அம்மா கேட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "தொண்டைக்கு எதமாத்தான் இருக்கு" என்று மிச்சத்தையும் குடித்தார். எனக்கு உயிர் வந்தது.

மாமா சும்மா இருப்பாரா? "ஒங்க வூட்ல பாம்பு, தவளையெல்லாம் சமைப்பீங்கன்றாங்களே" என்றார்.

"கெடைக்கிறதில்லீங்க. வஞ்சிரம்தான் ஜாஸ்தி" என்றேன். கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அப்பா மட்டும் இவருடைய அம்மாவையே உற்று உற்றுப் பார்த்தார். "நீ ஏன் ஒரு பக்கமா மெல்லுற? வாயத் தொற" என்று எழுந்தேவிட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

தட்டுகளைக் கொடுத்தார்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு, பூ, ரவிக்கைத் துணி, அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவை. அது பரிசப் புடவை. அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்பாவும் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் இருவரும் அதே தட்டுகளோடு திரும்பி வந்தார்கள். மேலே சிவப்புக் காகிதம் மூடியிருந்தது. அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, குனிந்து, தட்டை இவருடைய அம்மாவின் கையில் கொடுத்தார்.

மாமா காகிதத்தைத் தூக்கினார். பாதித் தேங்காய், பாதிப் பழம், பாதிக் கற்கண்டு. எல்லாவற்றுக்கும் மேலே மடிப்புக் கலையாமல் அந்தப் பட்டுப் புடவை.

இதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பரிசப் புடவை திரும்பிப் போனால் பெண் இல்லை என்று அர்த்தம். வாயால் சொல்வதைவிட மோசம். இவருடைய அம்மா கன்னத்தில் கை வைத்தபடி அப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "ஏந்திரு அக்கா, பதில் சொல்லிட்டாங்க" என்றார் மாமா. பத்துப் பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு மளமளவென்று இறங்கிப் போனார்கள். இவர் ஒரே ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். அப்பா வாசலில் நின்று கையை ஆட்டினார். "பஸ்ஸுக்கு நேரம் ஆயிடுச்சு போல" என்று அம்மாவிடம் சொன்னார்.

கடலூரில் வேறு சீனக் குடும்பம் கிடையாது. ஒரு சீனக் கல்யாணத்தை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலிலும் தெருவிலும் பார்த்த கல்யாணங்கள்தான். ஆகவே எனக்கும் அந்தப் புடவை சொன்னது ஒன்றேதான். வாயால் சரியென்று சொல்லிவிட்டு, நடுக்கூடத்தில் வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தால் சீன மொழி மறந்துபோகும். தமிழில் பிடித்துக்கொண்டேன். "பெத்த பொண்ணுக்கு இப்படித் துரோகம் பண்ணுவியா? அந்தக் காருக்காரனை நீயே கட்டிக்க!" என்று கத்தினேன். சித்தப்பாவைத் திட்டினேன். சான் பிரான்சிஸ்கோ என்கிற ஊரையே திட்டினேன். உள்ளே போய்ப் படுத்து, தலையணை நனைய அழுதேன். மறுநாளும் அழுதேன். அதற்கு மறுநாளும்.

அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. ஒருமுறை கதவிடுக்கில் பார்த்தால், அவளும் அப்பாவும் நான் அழுவதைக் கேட்டுக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கஞ்சிக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். அம்மா சந்தோஷமாகத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதினாள். "போதும்மா. கொஞ்சம் கண்ணீரை மிச்சம் வை. கல்யாணத்தன்னிக்கு வேணும்" என்றாள்.

"எந்தக் கல்யாணம்?"

"உன் கல்யாணம்தான். ரயில்காரரோட."

எழுந்து உட்கார்ந்தேன். அம்மா சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. அவர்கள் ஊரில் கல்யாணம் நிச்சயமான பெண் நாள்கணக்கில் அழ வேண்டுமாம். பெற்றவர்களைத் திட்ட வேண்டுமாம், சம்பந்தம் பேசினவனையும் திட்ட வேண்டுமாம். எவ்வளவு சத்தமாக அழுகிறாளோ அவ்வளவு நல்ல பெண். யாரும் சொல்லித் தராமலே கடலூரில் பிறந்த மகள் இப்படி ஊர் மெச்ச அழுகிறாளே என்று இருவருக்கும் பூரிப்பாம். தட்டு? மாப்பிள்ளை வீட்டார் கொடுத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால்தான் மரியாதை. அப்போ புடவை? "புடவையை நறுக்க முடியுமா? துணியில பெருசை அவங்களுக்குக் கொடுத்துட்டுச் சின்னதை நாம வச்சுக்கிட்டோம்" என்றாள் அம்மா, பெருமையாக.

வீங்கிய கண்ணோடு ரயிலடிக்கு ஓடினேன். கவுண்டரில் கூட்டம். நான் பாட்டுக்கு முன்னால் புகுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். இவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

"புடவையத் திருப்பின வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு இருந்தேன்" என்றார்.

"நான் மட்டும் வந்து கெஞ்சுவேன்னு நெனச்சீங்களா?"

"எனக்குப் புரியுது. எங்கம்மாவுக்கு யார் சொல்றது? நான் சொன்னா, ஒனக்காகக் கதை கட்டுறேன்னுவாங்க. மாமா வேற தன் பொண்ணுக்குப் பேசி முடிச்சுட்டாரு. ஞாயித்துக்கெழம கோயில்ல ஓலை வாசிக்கணும்னு நிக்கிறாரு. ஒங்கப்பா வந்து அவரு வாயால சொன்னாத்தான் உண்டு." கோயிலில் ஓலை வாசித்துவிட்டால் கல்யாணத்தை ஊருக்கே அறிவித்ததாகிவிடும்.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் பொறுமை இழந்தார். "தம்பி, மொதல்ல எனக்கு ஒரு விழுப்புரம் குடுத்துட்டு அப்பறமா கல்யாணம் பண்ணிக்கப்பா" என்றார்.

அப்பா போக வேண்டும். ஆனால் அப்பா ஊரைத் தாண்ட முடியாது. அன்றைக்கு அவருக்குக் கையெழுத்து நாள்கூட இல்லை. இஸ்திரி போடாத சட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனார், கூட நானும் போனேன். விஷயத்தைக் கேட்ட இன்ஸ்பெக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மீசையைத் தடவினார். "காலைல போயி சாயங்காலம் திரும்பிடணும். கூட ஒரு கான்ஸ்டபிள் வருவாரு" என்றார். "நான் போறேன் சார்" என்று ஒரு கான்ஸ்டபிள் முன்னால் வந்தார். அவர் வாயில் இருந்தது அப்பா கட்டிய பல்செட்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அப்பா, நடுவில் நான், இந்தப் பக்கம் தொப்பியோடு கான்ஸ்டபிள். புவனகிரி தாண்டி, வெள்ளாறு தாண்டிச் சிதம்பரத்தில் இறங்கினால், சீனாக்காரனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பின்னாலேயே ஒரு கூட்டம் வந்தது. "ஏ, போங்கப்பா! பொண்ணு வூட்டுக்காரங்க நாங்க!" என்று கான்ஸ்டபிள் அதட்டினார். அதைக் கேட்டுக் கூட்டம் இன்னும் பெருத்தது.

இவருடைய அம்மா உள்ளே வலதுபக்கக் கன்னம் வீங்கிப் படுத்திருந்தார். தட்டு திரும்பியதும் அவர் வாயே திறக்காமல் கிளம்பியதற்குக் கோபம் பாதிதான் காரணம், மீதி பல்வலி. மாமா வாசலை மறித்தார். "இன்னும் எதைத் திருப்பிக் குடுக்க வந்தீங்க?"

அப்பா அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கோட்டு இல்லை, சிரிப்பும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இவருடைய அம்மாவிடம் பேசினார்.

"நீ பத்துத் தட்டுக் கொண்டாந்த. எல்லாத்தையும் நான் வச்சுக்கிட்டா என்ன ஆவும்? பொண்ண வித்துட்டேன்னு ஆவும். எங்க ஊர்ல அப்படித்தான். பாதி திருப்பிக் குடுத்தா நான் விக்கல, ரெண்டு வூடும் ஒண்ணுன்னு ஆவும்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் கடலூரு தாண்டக் கூடாது. இன்னிக்குப் போலீஸு கூட வந்திருக்கு. இவ இங்க வந்துட்டா நான் நெனச்சப்ப பாக்க முடியாது. அது தெரிஞ்சுதான் குடுக்குறேன். பாதியாவது என் பொண்ணுன்னு வச்சுக்கறேன்."

அப்பா இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. ஊர் தாண்ட முடியாதது அவரை இத்தனை வாட்டியிருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. எனக்கு அழுகை முட்டியது, இந்தத் தடவை அவருக்காக. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இவருடைய அம்மா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். அப்பாவையே பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து காட்டினார்.

அப்பா பையை எங்கே போனாலும் கொண்டு போவார். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "வீக்கம் இருக்கு, இப்பப் புடுங்கக் கூடாது. உப்புத் தண்ணி கொப்புளி. இந்தா கிராம்புத் தைலம். வியாழக்கெழம கடலூரு வா" என்றார்.

வியாழக்கிழமை வந்தார். பல்லைப் பிடுங்கிக்கொண்டார். துப்பக் கிண்ணம் நீட்டியது நான்தான். பஞ்சைக் கடித்தபடியே கூடையிலிருந்து அந்த அரக்குப் பட்டை எடுத்து என் மடியில் போட்டார். பேச முடியாததால், இதைத் திருப்பினால் தொலைத்துவிடுவேன் என்று விரலை ஆட்டிக் காட்டினார். மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்த கார் போட்டோவை அம்மாவே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அந்த ஞாயிறு ஓலையில் வாசித்தது என் பெயர்.

கல்யாணம் கடலூரில் எங்கள் பங்குக் கோயிலில் நடந்தது. மாமா வந்து இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அழுகையே வரவில்லை. சந்தோஷம் தாங்காமல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். பூசையின் போதும் விருந்தின் போதும் அம்மா என் இடுப்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். "அழு, அழு, எல்லாரும் பாக்கறாங்க" என்று காதில் சொன்னாள். முழுக் கண்ணீரையும் முன்கூட்டியே செலவழித்துவிட்டேன், நான் என்ன செய்ய?

மத்தியானம் பஸ் நிலையத்துக்கு வந்தோம். என் பெட்டியைத் தூக்கிச் சிதம்பரம் பஸ்ஸின் மேல் வைத்தாயிற்று. அப்பா கீழே நின்று, பெட்டி சரியாகக் கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு அவரிடம் அனுமதி இல்லை. அந்த இடத்தைத் தாண்டி அவர் வர முடியாது.

இவருடைய அம்மா பஸ் படியில் ஒரு காலை வைத்தவர், அப்படியே இறங்கினார். "கண்டக்டரே, அந்தப் பொட்டியக் கீழ எறக்கு" என்றார். மறுபடியும் என்ன தப்பு நடந்ததோ என்று அப்பா விழித்தார்.

"தட்டுல பாதி எங்களுக்குத் திருப்பிக் குடுத்தீங்க இல்ல?" என்றார் என் மாமியார். "நாங்க மட்டும் முழுசா வச்சுக்கிட்டா எப்படி? என் புள்ளைக்கு வேலை இந்த ஊர்லதான். வாரத்துல பாதி நாளு ரெண்டு பேரும் ஒங்க வூட்ல இருக்கட்டும். பாதி நாளு எங்கிட்ட வரட்டும். துணிமணி பாதிய இங்க எறக்கி வெச்சிட்டுப் போறேன். சரிதானே சம்பந்தி?"

அப்பா "சரி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்தக் கூட்டத்தில், வெயிலில், கண்டக்டர் முன்னால், என் பாதித் துணிகளைக் கையில் வாங்கிக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

அம்மா வெட்கத்தோடு நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்னைத்தானே அழச் சொன்னேன்?" என்றாள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.